சிங்கப்பூரில் தடையற்ற சந்தையை முன்வைத்து வாதிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்கட்டணம், துணைப்பாட வகுப்பு, மருத்துவமனைச் செலவு, கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதி ஆகியவற்றைப் பற்றி நம் வீடுகளிலும் வாசகர் வட்டங்களிலும் மாணவர்களின் சொற்போர் மேடைகளிலும் தமிழில் நிறையவே பேசப்படுகிறது. அரசாங்கம் விலகிக்கொண்டால் போட்டி பெருகி விலை குறையும் என்று ஒரு தரப்பும், சந்தையின் கையில் விட்டால் வசதி குறைந்தோரின் கதி என்னவாகும் என்று மறுதரப்பும் பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நிலையெடுத்துவிடுகின்றன. சந்தைப் போட்டியால் விளையும் நன்மைகளில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. அதனாலேயே, அதை ஆதரிப்போர் வலுவற்ற வாதங்களால் அதற்கு ஊறு விளைவிப்பதைக் கேட்கும்போது வருத்தம் ஏற்படுகிறது. எதிர்ப்போரும் பெரும்பாலும் அதே தவறுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறு, சிங்கப்பூரையே தடையற்ற சந்தைக்கு முழுச் சான்றாகக் காட்டுவதாகும். அமெரிக்க ஆய்வு அமைப்பான ஹெரிடேஜ் அறநிறுவனத்தின் பொருளியல் சுதந்திரப் பட்டியலில் அண்மைய ஆண்டுகளில் சிங்கப்பூர் முதலிடத்தில் இருப்பது உண்மைதான். வர்த்தகத்தைப் பொறுத்தவரை அந்த இடம் தகுதியானதும்கூட. ஆனால் இதே நாட்டில் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது. குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர், அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். 1974ல் தொடங்கப்பட்ட, அரசுக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனமான தெமாசெக், பல பெருநிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கிறது. 1990ல் நடப்புக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாகனங்கள் சாலையில் ஓடலாம் என்பதை அரசாங்கம் முடிவு செய்கிறது. அந்த உரிமைக்கு என்ன விலை என்பதை ஏலம் முடிவு செய்கிறது. இதைச் சந்தை என்பதா, கட்டுப்பாடு என்பதா? ஒரு கொள்கையை ஆராயும்போது அதில் எது விதி, எது விலை, விலையை யார் பார்க்கிறார், நட்டம் வந்தால் யார் தலையில் விழும் என்று பிரித்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காதபோது விவாதம் பெயர்ப்பலகையைப் பற்றியதாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தக் கேள்விகளின் பயனை மின்சாரத்தைப் போல் தெளிவாகக் காட்டும் துறை வேறில்லை. இங்கு மின்சாரத்துக்கான மொத்த விற்பனைச் சந்தை 2003 முதல் இயங்குகிறது; அதில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை விலை மாறுகிறது. வீடுகள் தங்கள் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும் திறந்த மின்சாரச் சந்தை, 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் சோதனையாகத் தொடங்கி 2019 மே மாதத்துக்குள் தீவு முழுவதற்கும் விரிவடைந்தது. மின்விநியோக நிறுவனமான எஸ்பி குழுமத்தின் கட்டணத்தைவிடக் குறைந்த நிலையான விலைக்குப் பலர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சந்தையின் வெற்றி என்று அன்று கொண்டாடப்பட்டது. 2021ன் இறுதியில் உலகளவில் எரிவாயு விலை ஏறியது. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைப்பதால், மொத்த விற்பனை விலையும் உடன் ஏறியது. சில விற்பனை நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. சந்தை தோற்றுவிட்டது என்ற பேச்சு உடனே கிளம்பியது.

இரண்டு முடிவுகளுமே அவசரத்தில் பிறந்தவை. நடந்ததை அருகில் சென்று பார்ப்போம். ஒரு விற்பனையாளர் அரை மணிக்கொருமுறை மாறும் விலையில் மின்சாரத்தை வாங்கி, ஈராண்டுக்கு மாறாத விலையில் வீடுகளுக்கு விற்கிறார். இடையிலுள்ள விலை அபாயத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து காப்புத் தேடியவர் தாக்குப்பிடித்தார். தேடாதவர் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கைக்காசை இழந்தார். அவர் மூடிவிட்டுப் போனபோது வாடிக்கையாளர் வீட்டில் விளக்கு அணையவில்லை. அந்த வாடிக்கையாளரின் கணக்கு எஸ்பி குழுமத்துக்கு மாறியது. ஆனால் மலிவான ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் இழந்தார். ஆக, ஆதாயக் காலத்தில் பலன் நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் பகிரப்பட்டது. நட்டக் காலத்தில் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு கைவிட்டு விலகிக்கொள்ள முடிந்தது. ஒப்பந்தம் காக்கப்படுவதைச் சந்தையின் உயிர்நிலையாகக் கருதும் எவரும் இங்கு விதிகள் கடுமையாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும். எரிசக்திச் சந்தை ஆணையம் பின்னர் மாற்று எரிபொருள் இருப்புக்கு ஏற்பாடு செய்ததையும், 2023ல் மொத்த விற்பனை விலைக்குத் தற்காலிக உச்சவரம்பு முறையைக் கொண்டுவந்ததையும், சந்தைக்கு எதிரானவை என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. முன்னது நம்பகமான விநியோகத்துக்கு வழி செய்கிறது. பின்னதோ, பற்றாக்குறையின் அளவைச் சொல்லும் விலையை ஓரளவு மங்கச் செய்கிறது. இவ்விரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

மின்சாரத்தை ஒட்டி இன்னொரு தவறும் நடக்கிறது. தமிழ்நாட்டில் கேட்டுப் பழகிய வாதத்தை அப்படியே இங்கு இறக்கிவிடுகிறோம். அங்கு வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. சலுகை விலையிலேயே கலந்திருக்கிறது. இங்கே வீவக குடும்பங்களுக்கு யு-சேவ் எனும் கட்டணத் தள்ளுபடி தரப்படுகிறது. சிறிய வீடுகளுக்கு அதிகம், பெரிய வீடுகளுக்குக் குறைவு. ஆனால் ஒரு யூனிட்டின் விலை இந்தத் தள்ளுபடியால் மாறுவதில்லை. கட்டண ரசீதைக் கையில் எடுத்துப் பார்த்தால், பயன்படுத்திய யூனிட்டுகள் முழு விலையோடு ஒரு வரியிலும் தள்ளுபடி வேறொரு வரியிலும் இருக்கும். குளிர்சாதனத்தை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்துபவருக்கு அதன் முழுப் பலன் கிடைக்கிறது, உதவியும் குறைவதில்லை. விலையைத் தொடாமல் கையில் உதவி தருவது சந்தைப் பொருளியலார் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் வழி. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் "மானியம்" என்ற ஒற்றைச் சொல்லால் இரண்டையும் தாக்குவதோ தாங்குவதோ பிழை.

மருத்துவத்தில் தவறுகளின் விளைவு இன்னும் கடுமையானது, ஏனெனில் அங்கு முடிவெடுப்பவர் நோயுற்றிருக்கிறார். சிங்கப்பூர் மருத்துவச் செலவைக் கட்டுக்குள் வைத்திருப்பது சந்தையால்தான் என்று வெளிநாட்டு எழுத்துகளில் அடிக்கடி காண்கிறோம். நம்மவரும் அதைப் பெருமையோடு திரும்பச் சொல்கிறார்கள். 1984ல் வந்த மருத்துவச் சேமிப்புத் திட்டமான மெடிசேவ், நம் சொந்தச் சேமிப்பிலிருந்து செலவிடச் சொல்கிறது. அந்த அளவில் அது தனிமனிதப் பொறுப்பை நம்பும் திட்டம். ஆனால் அச்சேமிப்பு கட்டாயமானது. 2015ல் வந்த மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் கட்டாயமானது. மருத்துவமனைப் படுக்கைகளில் பெரும்பான்மை பொதுத்துறையைச் சேர்ந்தது. மருத்துவக் கல்வி இடங்களின் எண்ணிக்கையையும் அரசாங்கமே தீர்மானிக்கிறது. பொது மருத்துவமனைகளில் வசதி குறைந்த பி2, சி வகுப்பு வார்டுகளுக்கு வருமானத்தைப் பார்த்து மானியம் தரப்படுகிறது. இவற்றில் ஒன்றைமட்டும் உருவிக் காட்டி முழுப் பெருமையையும் அதற்கே கொடுப்பது நேர்மையான வாதமாகாது.

எதிர்த்தரப்பு செய்யும் தவறு, நோயாளி தன் கையிலிருந்து ஒரு பங்கு கட்ட வேண்டும் என்றாலே அதை இரக்கமின்மை என்று முத்திரை குத்துவது. மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் கூடுதல் பாதுகாப்புத் தரும் ஒருங்கிணைந்த பாதுகாப்புத் திட்டங்களோடு "ரைடர்" எனப்படும் கூடுதல் காப்புறுதியும் விற்கப்பட்டது. அதை வாங்கியவர் ஒரு வெள்ளிகூடக் கையிலிருந்து தர வேண்டியிருக்கவில்லை. நோயாளிக்குச் செலவில்லை, மருத்துவருக்குத் தயக்கமில்லை. தேவைக்கு மேற்பட்ட பரிசோதனையைக் கேள்வி கேட்க அந்த அறையில் எவருக்கும் காரணமில்லை. ரைடர் இருந்தோரின் கட்டணங்கள் கூடின. அதைத் தொடர்ந்து சந்தாவும் ஏறியது. அந்தச் சந்தாவைச் சிகிச்சையே பெறாதவர்களும் கட்டினார்கள். 2018ல் சுகாதார அமைச்சு, புதிய ரைடர்களில் நோயாளி குறைந்தது 5 விழுக்காடு கட்ட வேண்டும் என்று அறிவித்தது. 10,000 வெள்ளிக் கட்டணத்தில் 500 வெள்ளி. இதில் சந்தை ஆதரவாளர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: விலையை உணர்பவரே அளவோடு செலவிடுவார் என்ற அவர்களது கொள்கையை நிலைநாட்டியது ஓர் அரசாணை. விரும்பி வாங்குவோரும் விரும்பி விற்போரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அரசு தலையிடலாமா என்ற கேள்வி நியாயமானதே. அவ்விருவரின் ஒப்பந்தத்துக்கு மூன்றாமவர் பணம் கட்டிக்கொண்டிருந்தார் என்பதால், தலையீடு சரி என்றே நான் கருதுகிறேன்.

இருப்பினும், கைப்பங்கு கட்டச் சொல்வதால் நோயாளி தேர்ந்த நுகர்வோராகிவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவத்தில் வாங்குபவருக்குத் தனக்கு என்ன தேவை என்பதே விற்பவர் சொல்லித்தான் தெரியும் என்பதைப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963லேயே விளக்கிவிட்டார். மாரடைப்பு வந்தவர் மூன்று மருத்துவமனைகளில் விலை விசாரிக்க மாட்டார். கண்புரை அறுவைக்குச் செல்பவர் விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும். அமைச்சு வெளியிடும் மருத்துவர் கட்டண அளவுகோல்கள் பயன்படுவது இரண்டாமவருக்கே. எந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் "மருத்துவச் சந்தை" என்று பொதுவாகப் பேசுவதைக் கைவிடுவது நல்லது.

கல்வியில், துணைப்பாடத் தொழிலின் வளர்ச்சியைச் சந்தையின் திறனுக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவின ஆய்வின்படி, குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 பில்லியன் வெள்ளி செலவிட்டன. தேவை இருக்கிறது, போட்டி இருக்கிறது; ஆனால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் பின் பெயர்பெற்ற பள்ளிகளில் உள்ள இடங்கள் இந்தச் செலவால் ஒன்றுகூட அதிகரிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வகுப்புக்குப் போனால் இரு பிள்ளைகளின் வரிசை நிலையும் பழையபடியே இருக்கும். பெற்றோரின் பணமும் பிள்ளைகளின் மாலைப் பொழுதும் மட்டும் கரைந்திருக்கும். பெற்றோர் கையில் கல்விப் பற்றுச்சீட்டைக் கொடுத்துப் பள்ளிகளைப் போட்டியிடச் செய்யலாம் என்ற யோசனையும், நல்ல பள்ளி தன் இடங்களைப் பெருக்கிக்கொள்ள முடிந்தால்தான் பலிக்கும். பற்றுச்சீட்டு முறைக்கும் கண்காணிப்பு வேண்டும்: 2017ல், தொழில்திறன் பயிற்சிக்கு அரசு நிதி தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் போலிக் கோரிக்கைகள் மூலம் ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளியை ஒரு கும்பல் சுருட்டியது. தமிழை நேசிப்போர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போதுமான தமிழ் மாணவர்கள் இல்லாத பள்ளிகளின் பிள்ளைகளுக்கு வேறோரிடத்தில் வகுப்பு நடத்துவது, எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் எந்த விற்பனையாளருக்கும் கட்டுப்படியாகாது. அதை ஏற்றுக்கொண்டபின் சந்தையை ஆதரித்துப் பேசினால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

நிதித் துறையில் ஒரு தகவல் பிழை பரவலாக இருக்கிறது. மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையம் வட்டி விகிதத்தை நிர்ணயிக்கிறது என்று எண்ணிப் பலர் வாதத்தைத் தொடங்குகிறார்கள். 1981 முதல் ஆணையம் நிர்வகித்துவருவது வெள்ளியின் நாணய மாற்று மதிப்பைத்தான். வட்டி பெரும்பாலும் சந்தையில் உருவாகிறது. வர்த்தகத்தின் மதிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் மூன்று மடங்கைத் தாண்டும் நாட்டில், விலைவாசியை அடக்க அதுவே ஏற்ற கருவி.

மத்திய சேமநிதியைப் பற்றிய வாதமோ இன்னும் சூடானது: "என் பணம், என் விருப்பம்." இந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, ஓரளவு வழியும் இருக்கிறது. முதலீட்டுத் திட்டத்தின்கீழ் உறுப்பினர் தம் சேமிப்பை வெளியே முதலிடலாம். ஆனால் சாதாரணக் கணக்கின் முதல் 20,000 வெள்ளியைத் தொட முடியாது. ஆயினும் சும்மா விட்டுவைத்தாலே கிடைக்கும் 2.5 விழுக்காட்டைக்கூட எட்டாதவர்கள் பலர். 2008ல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது, அதனுடன் பிணைந்திருந்த மினிபாண்ட் முதலிய சிக்கலான முதலீடுகளில் சேமிப்பைப் போட்டிருந்த முதியவர்களுக்குத் தாங்கள் என்ன வாங்கினோம் என்பதே தெரிந்திருக்கவில்லை. மறு ஆண்டு நாணய ஆணையம் பத்து நிதி நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. அந்த முதியவர்களுக்குத் தேர்வு இருந்தது, தகவல் இல்லை. சேமநிதி முதலீட்டுத் திட்டத்தில் விற்பனைக் கட்டணத்தின் உச்சவரம்பு 2018ல் 3 விழுக்காட்டிலிருந்து 1.5 ஆகவும் 2020 அக்டோபரில் பூச்சியமாகவும் குறைக்கப்பட்டது. சேமநிதியில் கூடுதல் சுதந்திரம் கேட்போர், அந்தக் கட்டணத்தை முன்பு யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்பதிலிருந்து தங்கள் வாதத்தைத் தொடங்கலாம்.