நீராவி வால்வு வாங்கக் குழாயை அளக்காதீர்கள்

இளம் பொறியாளர்கள் அழுத்தக் குறைப்பு வால்வு கேட்டுக் கொள்முதல் பிரிவுக்கு எழுதும் குறிப்பைப் பார்த்தாலே மீதிக் கதை எனக்குத் தெரிந்துவிடும். நாங்களெல்லாம் அந்த வயதில் எழுதிய அதே குறிப்புதான். அம்புக்குறியைப் பார்க்காமல் வால்வைத் திருப்பி மாட்டுவது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன். அதை ஃபிட்டரே சரிசெய்துவிடுவார். மற்ற தவறுகள் இவை.

குழாயின் அளவையே வால்வுக்கும் எழுதுவது

இன்றும் எரிச்சல் தருவது இதுதான். திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. பாய்லரில் அழுத்தம் 10 பார். துணி உலர்த்தும் சிலிண்டர்களுக்குத் தேவை 3 பாரில் மணிக்கு 1,000 கிலோ நீராவி. பின்னாளில் விரிவாக்கம் வரும் என்று குழாயை 80 மி.மீ.யில் போட்டிருந்தார்கள். வால்வும் 80.

கணக்கைப் பாருங்கள். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் முன்னால் 11 பார், பின்னால் 4. பின்னழுத்தம் முன்னழுத்தத்தில் ஏறக்குறைய 58 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், அதை மேலும் குறைத்தாலும் நீராவி கூடுதலாகப் பாயாது. அந்த நிலையில் 1,000-ஐ 12 × 11 ஆல் வகுத்தால் போதும் (12 என்பது நீராவிச் சூத்திரத்தின் மாறிலி): தேவையான கே.வி., அதாவது வால்வு எவ்வளவு பாயவிடும் என்பதைச் சொல்லும் எண், சுமார் 7.6. சாதாரண 25 மி.மீ. வால்வின் கே.வி. பத்தை ஒட்டி இருக்கும், 80 மி.மீ. வால்வுக்கு நூறை ஒட்டி!

விளைவு, வால்வு மயிரிழை திறந்தபடியே வேலை செய்தது. அந்த இடுக்கில் சீறிய ஈர நீராவி, வால்வு மூடும்போது பிளக் (அடைப்பான்) உட்காரும் சீட்டை அரித்தது. பிளக் ஓயாமல் தடதடத்தது. சில மாதங்களில் மூடினாலும் கசிந்தது. இரவில் இயந்திரங்கள் நின்றதும் அழுத்தம் ஏறி சேஃப்டி வால்வு ஊதியது. வால்வுக் கம்பெனியைத் திட்டிவிட்டு, இன்னும் விலை கூடிய வேறு கம்பெனி வால்வை வாங்கினார்கள். அளவு? அதே 80.

அதற்காகக் குழாயையும் சுருக்கிவிடாதீர்கள். 3 பாரில் அதே எடை நீராவிக்கு 2.6 மடங்கு இடம் வேண்டும். நொடிக்கு 25 மீட்டர் வேகத்துக்கு வால்வுக்கு முன் 50, பின் 80, நடுவில் வால்வு 25. பார்க்க விகாரமாக இருக்கும். இருக்கட்டும்.

நீராவியிலிருந்து நீர்த்துளிகளைப் பிரிக்கும் செபரேட்டரை மிச்சப்படுத்துவது

இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஸ்ட்ரெய்னரின் (அழுக்கைப் பிடிக்கும் வடிகட்டி) வயிற்றைக் கீழ்நோக்கி வைப்பது

தண்ணீர் தேங்கும். கிடைக்குழாயில் பக்கவாட்டில் திருப்புங்கள்.

சேஃப்டி வால்வைத் தேவைக்கு மட்டும் கணக்கிடுவது

குறைப்பு வால்வு முழுதாகத் திறந்து சிக்கிக்கொண்டால் பாயும் அளவுக்குக் கணக்கிட வேண்டும். வால்வைப் பெரிதாக வாங்கியவர் இங்கே மறுபடியும் பணம் அழுகிறார்.

வெப்பநிலை வால்வோடு டிராப்பை (நீராவியை விடாமல், குளிர்ந்த நீரை மட்டும் வெளியேற்றுவது) மறப்பது

தொட்டி சூடாகி வால்வு மூடத் தொடங்கினால், தொட்டியைச் சூடாக்கும் நீராவிச் சுருளுக்குள் அழுத்தம் விழும், சில வேளை வெற்றிடமே உண்டாகும். நீராவி குளிர்ந்து உண்டான நீரைத் திருப்பி எடுத்துச் செல்லும் குழாய் மேலேறிப் போனால் அந்த நீர் வெளியேறாது. சுருள் பாதி நிறைந்து அதிரும், அரிக்கும். வெற்றிடம் உடைக்கும் வால்வு போடுங்கள், டிராப்பைத் தாழ்வாக வைத்து நீரைச் சரிவில் வடியவிடுங்கள். மேலேற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பம்பு வேண்டும்.

வெப்பநிலையை அறியும் உணர்முனையைப் பாதி மட்டும் நுழைப்பது

முழுக் குமிழும் நீருக்குள், அதுவும் நீர் அசைகிற இடத்தில்.