தமிழும் பர்மியமும் ஒரே பக்கத்தில்: உங்கள் முதல் இணையப் பக்கம்

ரங்கூனில் ஒரு கோயில் அறிவிப்பைத் தமிழில் மட்டும் போட்டால் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேராது. பெரியவர்கள் தமிழ் வாசிப்பார்கள். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும், பள்ளியில் படித்த பர்மிய எழுத்துதான் அவர்களுக்குச் சரளம். அதனால் இணையப் பக்கம் செய்ய என்னிடம் பழக வருகிறவர்களுக்கு முதல் பயிற்சியாக ஒரு தீமிதித் திருவிழா அறிவிப்பைத்தான் கொடுக்கிறேன். மேலே தமிழ், கீழே பர்மியம். கட்டளைகளைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பை மட்டும் சொல்கிறேன்.

முதல் படி: எலும்புக்கூடு

பக்கத்தை எழுத விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற செயலி போதும். இலவசம்தான், நிறுவிக்கொள்ளுங்கள். ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ் இருக்கிறது. வேறு எதையும் தொடும் முன் அதைப் போட்டுவிடுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று நம் ஊரில் யார் சொல்வது?

புதிய கோப்பு திறந்து, பெயரின் முடிவில் புள்ளி எச்டிஎம்எல் என்று வரும்படி சேமியுங்கள். உள்ளே ஒரு ஆச்சரியக்குறி மட்டும் தட்டி, டேப் விசையை அழுத்துங்கள். பக்கத்தின் எலும்புக்கூடு தானாக வந்து நிற்கும். அதில் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். நம் எழுத்துகளை எந்தக் கணக்கில் படிக்க வேண்டும் என்று உலாவிக்குச் சொல்வது அந்த வரிதான்.

இரண்டாம் படி: மொழியைச் சொல்லுங்கள்

மேலே லாங் என்ற இடத்தில் ஆங்கிலத்துக்கான இஎன் இருக்கும். அதை டிஏ என்று மாற்றுங்கள், அது தமிழின் குறியீடு. பர்மியப் பத்திக்கு மட்டும் தனியாக லாங் சேர்த்து எம்ஒய் என்று எழுதுங்கள். எழுத்தை வாசித்துக் காட்டும் செயலிகள் எந்த மொழியில் வாசிப்பது என்று இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன.

மூன்றாம் படி: எழுத்தைச் சோதித்துவிட்டு ஒட்டுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைக்காரர் கொடுத்த பழைய கோப்பிலிருந்து பர்மிய விலைப்பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டினேன். என் கணினியில் அழகாகத் தெரிந்தது. அவர் மகளின் போனில் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. முழுவதையும் மறுபடி தட்ட எனக்கு இரண்டு இரவு பிடித்தது.

காரணம் ஜாவ்ஜீ என்ற பழைய பர்மிய எழுத்துரு. யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஆளுக்கொரு எண் ஒதுக்கும் பொது முறை. பர்மிய எழுத்துக்கு யூனிகோட் ஒதுக்கிய அதே எண்களை ஜாவ்ஜீ எழுத்துரு வேறு வரிசையில், வேறு வடிவங்களுக்குப் பயன்படுத்தியது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறியது. ஆனால் பழைய கோப்புகள் மாறவில்லை.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் யூனிகோடில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு. பர்மியத்திலும் எழுத்துக்கு முன்னால் நிற்கும் 'ஏ' குறி அப்படித்தான் சேமிக்கப்படுகிறது. ஜாவ்ஜீயில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையே சேமிக்கும் வரிசை.

அப்புறம், சோதிப்பது எப்படி? நோட்டோ சான்ஸ் மியான்மர் எழுத்துருவில் போட்டுப் பாருங்கள். எழுத்துகளுக்கு இடையே புள்ளி வட்டங்கள் தெறித்து நின்றால் அது ஜாவ்ஜீயாகத்தான் இருக்கும். நிறையக் கோப்புகள் இருந்தால், கூகுளின் மியான்மர் டூல்ஸ் என்ற திறமூலக் கருவி ஜாவ்ஜீயைக் கண்டுபிடித்துச் சொல்லும்.

தமிழ்ப் பக்கமும் இந்தத் தொல்லை உண்டு. அச்சகத்துக்காகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய நோட்டீஸை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள்.

நான்காம் படி: எழுத்துருவும் இடைவெளியும்

இன்னும் ஜாவ்ஜீ வைத்திருக்கும் பழைய போன்களில் சரியான யூனிகோடும் உடைந்துதான் தெரியும். அதனால் பர்மிய எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். தமிழுக்குப் போனில் இருப்பதே போதும், வீணாக டேட்டா செலவாக்க வேண்டாம். பக்கத்தின் ஸ்டைலில் லைன்-ஹைட்டை, அதாவது வரி உயரத்தை, 1.8 என்று வையுங்கள். பர்மியத்தில் எழுத்துக்குக் கீழே எழுத்து அடுக்கி வரும். நெருக்கினால் மேல்வரியும் கீழ்வரியும் மோதும். தமிழில் நீளச் சொற்கள் சின்னத் திரையைத் தாண்டி ஓடாமல் இருக்க ஓவர்ஃப்ளோ-ராப் என்பதற்கு பிரேக்-வேர்ட் என்று எழுதுங்கள்.

நோட்டீஸைப் படம் எடுத்து ஒட்டிவிடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், பர்மியக் குறிக்கும் 3 பைட். 2,000 குறிகள் உள்ள அறிவிப்பு 6,000 பைட்டில் முடிந்துவிடும். போனில் எடுத்த படம் 2, 3 எம்பி வரும், தேடினாலும் கிடைக்காது, பார்வை இல்லாதவருக்கு வாசித்துக் காட்டவும் முடியாது.

ஐந்தாம் படி: இரண்டு பேரிடம் கொடுங்கள்

உங்கள் போனில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பக்கத்தைத் திறந்து தமிழ் வாசிக்கும் ஒரு பெரியவரிடம் அவர் போனிலும், ஒரு பள்ளிப் பிள்ளையிடம் அதன் வீட்டுப் போனிலும் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்பு எந்தச் சொல்லில் தயங்குகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.