வாதக் கட்டுரை எழுதுவது எப்படி? எதிராளியின் பத்தியை முதலில் எழுதுங்கள்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் பள்ளியிலேயே பழகியிருப்பீர்கள், அதைத் தாண்டிவிடுகிறேன். வாதக் கட்டுரைக்கு மட்டுமே தேவைப்படும் வேலைகளைச் சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினையை வைத்துப் பார்ப்போம்.

படி 1: யாராவது மறுக்கக்கூடிய ஒரு வரி

'மழைநீர் சேகரிப்பு அவசியம்.' இதை யார் மறுக்கப்போகிறார்கள்? 2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். வரியை இப்படி மாற்றுங்கள்: 'சென்னையில் ஒவ்வொரு வீட்டின் மழைநீர் சேகரிப்பு அமைப்பையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆய்வு செய்து, பராமரிக்காதவர்களுக்கு அபராதம் போட வேண்டும்.' இப்போது வீட்டு உரிமையாளர் முறைப்பார். 'ஆய்வுக்கு ஆள் எங்கே?' என்று அதிகாரி கேட்பார். சரி, கட்டுரைக்கு வேலை வந்துவிட்டது.

படி 2: சான்று

பெரிய மனிதர்களின் பொன்மொழிகளை நான் சேர்ப்பதே இல்லை. வாசகரே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அதைவிட நன்றாக நிற்கும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது சுமார் 1.3 லட்சம் லிட்டர். ஆவியாவது, வழிவது போக 1 லட்சம் என்று வையுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீர், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதாவது 25 மாடிகளில் ஓராண்டில் சேரும் தண்ணீர்.

நல்ல சான்றுதான். ஆனால் மழைநீர் சேகரிப்பு பயன் தரும் என்பதைத்தான் இது நிரூபிக்கிறது, ஆய்வு வேண்டும் என்பதை அல்ல. ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டிக் குழி, சுத்தம் செய்யாமல் விட்டால் சேறும் சருகும் அடைத்துக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. இந்த வரியையும் சேர்த்தால்தான் சான்று உங்கள் கருத்தோடு ஒட்டும். ஒவ்வொரு சான்றுக்குப் பின்னும் 'அதனால் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள்.

படி 3: எதிர்வாதம்

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். 'சிலர் இதைத் தேவையற்றது என்கிறார்கள், அது தவறு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பட்டிமன்ற மேடையில் எதிரணியைக் கோமாளியாக்கினால் கைதட்டல் கிடைக்கும். கட்டுரையில் அந்த வித்தை பலிக்காது. எதிர்க்கருத்து உள்ள வாசகர், 'நான் இப்படிச் சொல்லவே இல்லையே' என்று மூடிவைத்துவிடுவார்.

நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் எழுவகை மதங்களில் (இங்கே மதம் என்றால் நூலாசிரியரின் கொள்கை) ஒன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. அதைத்தான் இங்கே செய்யப்போகிறோம். எதிராளியே படித்துத் தலையாட்டும்படி முதலில் எழுதுங்கள்:

'சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. களிமண் பகுதிகளில் அது சட்டென்று நிலத்தில் இறங்காது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளோ மழையை நம்பியில்லை. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் அவை வந்துவிட்டன. பணத்தையும் ஆட்களையும் அங்கே போடாமல் வீடு வீடாகக் குழி பார்ப்பானேன்?'

படித்ததும் உங்களுக்கே லேசாகச் சந்தேகம் வந்தால் பத்தி சரியாக வந்திருக்கிறது. இனி, உண்மையானதை ஒப்புக்கொள்ளுங்கள்: ஆலைகள் தேவைதான், களிமண் பகுதியில் குழியைவிடத் தொட்டியில் சேமிப்பதே உசிதம். அப்புறம் விடை: 'ஆலையால் குழாயில் தண்ணீர் தர முடியும், நிலத்தடி நீரை உயர்த்த முடியாது. அதே மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால்தான் கடல்நீர் உள்ளே புகுந்தது.'

எதிராளி காட்டிய ஊரை வைத்தே பதில் வந்ததைக் கவனியுங்கள். எப்போதும் இப்படி அமையாது, அமைந்தால் விடாதீர்கள்.

படி 4: அடுக்குவது

வலுவான சான்று கடைசியில், அதற்கடுத்தது முதலில், சுமாரானது நடுவில். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.

கருவிகள்? வெள்ளைத் தாளும் பேனாவும். தாளின் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் எதிராளி, வலப்பக்கம் நீங்கள். வலப்பக்கம் மட்டும் நிரம்பிக்கொண்டே போனால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று பொருள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரையைக் கேட்காதீர்கள். எழுதி முடித்ததைக் கொடுத்து, 'இதை மறுத்துப் பேசு' என்று கேட்கலாம். அதற்கு அது உருப்படியாக உதவும்.

பின்சேர்க்கை: எதிர்வாதத்துக்கு எத்தனை பத்தி என்று பலர் கேட்டிருந்தீர்கள். 500 சொல் கட்டுரைக்கு ஒன்று போதும், வலுவான ஒரே மறுப்பை எடுங்கள். இன்னொரு கேள்வி: பதிலே கிடைக்காவிட்டால்? படி 1க்குத் திரும்பிக் கருத்தைச் சுருக்குங்கள். 'ஒவ்வொரு வீடும்' என்பதை 'அடுக்குமாடிக் குடியிருப்புகள்' என்று ஆக்கினாலே, ஆள் பற்றாக்குறை என்ற மறுப்பின் வேகம் பாதி குறைந்துவிடும்.