இலையுதிர்காலத் தூண்டில்: ஒன்ராறியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டெம்பர் பிறந்து இரவுகள் குளிரத் தொடங்கியதும் ஒன்ராறியோ ஏரியின் ஆழத்தில் வளர்ந்த சால்மன்கள் கரையை நாடி வரும். ஸ்காபரோவில் ஹைலண்ட் கிறீக், அதற்குக் கிழக்கே ரூஜ் ஆறு, பிறகு டஃபின்ஸ் கிறீக், பௌமன்வில் கிறீக், போர்ட் ஹோப்பில் கனரஸ்கா, மேற்கே ஹம்பர், கிரெடிட் என்று ஏரியில் விழும் ஆறுகளில் கை நீளத்துக்கு மீன் ஏறும். எங்கள் ஆட்களில் பலர் தூண்டிலைக் கையில் எடுப்பதே இந்த இரண்டு மாதத்துக்குத்தான். மற்றவர்கள் கோடை முழுக்க சன்ஃபிஷ்ஷும் பேர்ச்சும் பிடித்த பழக்கத்தோடு நேரே ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறார்கள்.

தவறுகள் அந்தப் பழக்கத்தில்தான் தொடங்குகின்றன. கோடையில் மீன் இரை தேடி அலைகிறது. இலையுதிர்காலத்தில் ஆற்றில் ஏறும் சால்மன் முட்டையிட வருகிறது. அது கொத்துவது, நிற்கும் இடம், அதன் இறைச்சி, அதைப் பிடிப்பதற்கான சட்டம் எல்லாமே இதனால் மாறிவிடுகின்றன.

கொத்தாத மீனைக் கொளுவி இழுப்பது

ஆறுகளில் அதிகம் காணப்படும் சினூக் சால்மன் இந்த மண்ணுக்குரியது அல்ல. 1960களின் இறுதியிலிருந்து பசிபிக் சால்மன்களை இந்த ஏரியில் விட்டு வளர்த்தார்கள். மூன்று நான்கு வருடம் ஏரியில் தின்று வளர்ந்த சினூக், ஆற்றுக்குள் நுழையும்போது தின்பதை நிறுத்திவிடுகிறது. வயிறு சுருங்கிப் போகும். உடம்பில் இருக்கும் கொழுப்பைக் கரைத்தே மேலேறி, முட்டையிட்டு, செத்துப்போகும்.

கண்ணெதிரே இருபது மீன் நிற்கிறது, மண்புழுவைப் போட்டால் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. பொறுமை போய்விடுகிறது. அப்போதுதான் சிலர் பெரிய மும்முனைக் கொக்கியை மீன் கூட்டத்துக்கு அப்பால் எறிந்து, வெடுக்கென்று இழுத்து, முதுகிலோ வயிற்றிலோ கொளுவிப் பிடிக்கிறார்கள். இது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். தற்செயலாக வாயைத் தவிர வேறு இடத்தில் கொக்கி ஏறினாலும் அந்த மீனை உடனே விட்டாக வேண்டும். வயிறு கிழிந்த பெண் மீன் சினையைச் சிந்திக்கொண்டே ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டம் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொத்த வைக்க வழி இல்லாமல் இல்லை. பசிக்காக இல்லாவிட்டாலும் எரிச்சலிலோ பழைய பழக்கத்திலோ சினூக் வாய் வைக்கும். சால்மன் முட்டைகளைச் சிறு வலைத்துணியில் விரல்நுனி அளவு முடிச்சாகக் கட்டி, மிதவைக்குக் கீழே தொங்கவிட்டு, நீரோட்டத்தின் வேகத்திலேயே அடிமட்டத்தை ஒட்டி மிதக்க விடுவார்கள். முடிச்சு அடியில் படிந்து நின்றுவிடவும் கூடாது, மீனின் தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் போகவும் கூடாது. மிதவையை அரையடி மேலேயும் கீழேயும் நகர்த்திப் பாருங்கள். இரையை மாற்றுவதைவிட ஆழத்தை மாற்றுவதுதான் பல நேரம் பலன் தரும். ஆற்றின் முகத்துவாரத்தில் விடியும் வேளையில் உலோகக் கரண்டி இரை எறிவது இன்னொரு வழி. அங்கே நிற்கும் மீன் இன்னும் முழுதாகத் தின்பதை விட்டிருக்காது.

நாட்காட்டியைப் பார்த்துப் போவது

வார இறுதி விடுமுறை என்பதற்காகவே ஆற்றுக்குப் போனால் பாதி நாள் வெறுங்கையோடுதான் வர வேண்டும். மழை இல்லாமல் ஆறு வற்றிக் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் மீன் ஏரியிலேயே காத்து நிற்கும். ஏறிய மீனும் மதிய வெயிலில் மரநிழலிலும் பாலத்தடியிலும் ஒதுங்கிக்கொள்ளும். நல்ல மழை பெய்து, கலங்கல் வடிந்து, தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்து வரும் நேரமே நேரம். எத்தனை மணி நேரத்தில் தெளியும் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும். ஹைலண்ட் கிறீக்குக்கு வரும் தண்ணீர் ஸ்காபரோவின் தெருக்களிலும் கூரைகளிலும் தார்த்தரைகளிலும் விழுந்து ஓடுவது; சடாரென்று பெருகி, சடாரென்று வடியும். பெருகும்போது நடு ஆற்றில் நிற்பவருக்குக் கரையேற அவகாசம் கிடைக்காது. கனரஸ்கா ஓக் ரிட்ஜஸ் மேட்டு நிலத்தின் ஊற்றுகளால் ஓடுவது. அது நிதானமான ஆறு.

கரையிலிருந்து ஏரிப் பக்கம் காற்று பலமாக அடிக்கும் நாட்களையும் கவனியுங்கள். மேல்மட்ட வெதுநீர் உள்ளே தள்ளப்பட, கீழேயுள்ள குளிர்நீர் கரையோரம் மேலெழும். குளிர்நீரைத் தேடும் சால்மனும் அதோடு கரைக்கு வரும்.

கறுத்த மீனும், சினையும், தலையும்

இதைப் பற்றித்தான் எங்கள் வீடுகளில் அதிகம் பேச வேண்டும். மீனைத் தலையோடு சமைக்கும் சனம் நாங்கள். சினை கிடைத்தால் பொரியலுக்கு, தலை கிடைத்தால் குழம்புக்கு என்று ஒன்றையும் வீசமாட்டோம். கடல் மீனுக்கு அது நல்ல பழக்கம். ஒன்ராறியோ ஏரியின் பெரிய சால்மனுக்கு அது பொருந்தாது.

பிசிபி போன்ற பழைய தொழிற்சாலை இரசாயனங்கள் இந்த ஏரியில் இன்னும் இருக்கின்றன. அவை சேர்வது கொழுப்பில். வயிற்றுப் பக்கச் சதை, தோலுக்கு அடியில் உள்ள படலம், முதுகுக் கொழுப்பு, உள்ளுறுப்புகள், சினை, இவையெல்லாம் கொழுப்பு மிகுந்த பகுதிகள். ஒன்ராறியோ அரசு மீன் உண்பது பற்றி வெளியிடும் வழிகாட்டி, எந்த நீர்நிலையில் பிடித்த, எந்த இன, எத்தனை சென்ரிமீற்றர் நீள மீனை மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்று தனித்தனியாகச் சொல்கிறது. கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் வரம்பு வேறு, அதுவும் கடுமையானது. முக்கியமாக, அந்தக் கணக்கு எல்லாம் தோலும் முள்ளும் நீக்கிய முதுகுச் சதைக்கு மட்டுமே போடப்பட்டது. தலையையும் சினையையும் சேர்த்து சட்டியில் போட்டால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. தோலையும் கொழுப்பையும் வெட்டி எறிந்தால் பிசிபி குறையும். பாதரசம் அப்படிக் குறையாது, அது சதையிலேயே இருக்கிறது. ஆகவே பெரிய மீன்தான் நல்ல மீன் என்ற எண்ணத்தையும் விட வேண்டும்.

ருசி வேறு விஷயம். ஏரியிலிருந்து புதிதாக வந்த மீன் வெள்ளிபோல மின்னும், உள்ளே சதை செம்மஞ்சளாக இருக்கும். ஆற்றில் நாளாக ஆக உடம்பு பழுப்பாகிக் கறுக்கும், வால் தேய்ந்து வெள்ளைப் பூஞ்சை படரும், சதை வெளிறிச் சவசவவென்று ஆகிவிடும். அதை எந்தத் தூள் போட்டும் கறியாக்க முடியாது. உண்ணக்கூடிய மீனை எடுத்துவிட்டுக் கெட்டுப்போக விடுவதும், கரையில் எறிந்துவிட்டுப் போவதும் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. சினைக்காக வயிற்றைக் கீறிவிட்டு மீதியைப் புதருக்குள் வீசுகிறவர்களுக்கும் அது பொருந்தும். சமைக்க மீன் வேண்டுமென்றால் பருவத்தின் தொடக்கத்தில் முகத்துவாரத்தில் பிடியுங்கள். கறுத்த மீனை முட்டையிட விட்டுவிடுங்கள்.

கூடவே, எந்த மீன் என்று தெரியாமல் பையில் போடும் தவறும் இருக்கிறது. சினூக்குக்கு வாயும் ஈறும் கறுப்பு, வால் முழுவதும் புள்ளி. இன்னொரு பசிபிக் சால்மனான கோஹோவுக்கு ஈறு வெளிறியிருக்கும், புள்ளி வாலின் மேல்பாதியில் மட்டும். அட்லாண்டிக் சால்மனுக்கு வாய் உள்ளே வெள்ளை, வாலில் புள்ளி அநேகமாக இராது. இந்த அட்லாண்டிக் சால்மன்தான் ஏரியின் சொந்த மீன். காடழிப்பும் ஆலை அணைகளும் மிகைப்பிடிப்பும் சேர்ந்து 1898ஆம் ஆண்டளவில் அதை அடியோடு ஒழித்தன. 2006இலிருந்து திரும்பக் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது. ஐயம் இருந்தால் தண்ணீரில் வைத்தபடியே வாயைத் திறந்து பார்த்துவிட்டு விடுங்கள்.

எல்லா ஏரியும் ஒன்று என்று நினைப்பது

ஆற்றை விட்டு உள்நாட்டு ஏரிகளுக்குப் போகிறவர்கள், ‘ஏரி புரண்டுவிட்டது, இனி மீன் இல்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவதுண்டு. புரளுதல் நடப்பது ஆழமான நீரில். கோடையில் மேலே வெதுநீர், கீழே குளிர்நீர் என்று இரண்டு அடுக்காக நிற்கும் ஏரி, மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்க இறங்க, காற்றின் உதவியோடு முழுவதுமாகக் கலந்துவிடும். சில நாட்களுக்குத் தண்ணீர் கலங்கி, அடியில் இருந்த அழுகல் வாடைகூட வரும். மீன் எங்கே என்று சொல்ல முடியாதபடி சிதறும். சிம்கோ ஏரியின் ஆழமான கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவுக்கு இது பொருந்தும். ஸ்கூகொக் ஏரி, ரைஸ் ஏரி போன்ற ஆழமற்ற ஏரிகளில் காற்று கோடையிலேயே நீரைக் கலக்கிக்கொண்டிருப்பதால் அங்கே புரள ஒன்றுமில்லை.

அங்கே பார்க்க வேண்டியது நீர்க்களைகளை. குளிரில் களைகள் பழுத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசன் குறைகிறது. மீன் அந்த இடத்தை விட்டு நகர்கிறது. ஜூலையில் பாஸ் மீன் கிடைத்த அதே இடத்தில் ஒக்ரோபரில் மணிக்கணக்கில் நிற்பது வீண். இன்னும் பச்சையாக நிற்கும் களைத்திட்டைத் தேடுங்கள். தண்ணீர் 10 பாகைக்குக் கீழே போனால் பாஸ் மந்தமாகிவிடும். இரையை மெதுவாக, மிக மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்கூகொக்கில் வொலாய் மீன் பிடிக்க 2016இலிருந்து தடை என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்து ஏரியில் பிடிக்கலாம் என்பது இங்கே செல்லாது.

கணக்கில் தவறுவது

மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்ராறியோ ஏரி 20ஆம் வலயம், சிம்கோ 16, ரைஸ் ஏரியும் ஸ்கூகொக்கும் 17. அதே ஆற்றில் ஒரு பாலத்துக்குக் கீழே பிடிக்கலாம், மேலே மூடியிருக்கும். முட்டையிடும் பகுதிகளைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு வருடமும் வரும் விதிச் சுருக்கத்தில் உங்கள் ஆற்றின் பெயரைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். போன வருடம் நண்பர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு Outdoors Card என்ற அட்டையும் மீன்பிடி அனுமதிப்பத்திரமும் வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவை வயதைச் சொல்லித் தூண்டிலோடு நிறுத்துவது அடிக்கடி நடக்கும் பிழை. 65 வயதிலிருந்து விலக்கு என்பது கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான். அவர்களும் வயதைக் காட்டும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பிடித்ததை நண்பருக்குக் கொடுத்துவிட்டால் கணக்கிலிருந்து போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, அது உங்கள் அன்றைய கணக்கில்தான் இருக்கும். வீட்டு உறைபெட்டியில் இருக்கும் மீனும் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையில் சேரும். அப்புறம், ஆற்றங்கரையிலேயே மீனைக் கறித்துண்டாக வெட்டிப் பையில் கட்டுவது வேண்டாம். வழியில் அதிகாரி பார்த்தால் என்ன இனம், எத்தனை மீன் என்று எளிதில் தெரிய வேண்டும் என்பது விதி. முழுமீனாகக் கொண்டுவந்து வீட்டில் வெட்டுங்கள். குடலையும் செதிலையும் ஆற்றில் கொட்டவும் கூடாது. மிஞ்சிய உயிர் இரையையும் அப்படித்தான்.

நீந்தத் தெரியும் என்ற துணிவு

கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் துணிவு இயல்பு. ஆனால் நவம்பர் தண்ணீர் நீச்சலைக் கேட்காது. மனித்தோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் ஆய்வு செய்த கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு 1-10-1: விழுந்தவுடன் மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பதற்கு 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். பலர் முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள், இருக்கைக்கு அடியில் வைத்திருப்பது உதவாது. இடுப்புக்கு மேல் வரும் இறப்பர் காற்சட்டை அணிந்தால் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வழுக்கி விழுந்ததும் உள்ளே நீர் நிரம்பிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் பின்னே போனதும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இலை மூடிய கரையில் எது தரை, எது பள்ளம் என்று தெரியாது. பெரிய அலை அடிக்கும் நாளில் அலைதடுப்புச் சுவர்களில் பிள்ளைகளோடு நிற்பது பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பேசாமல் வந்துவிடுவது

2007இல் சிம்கோ ஏரிப் பக்கமும் வேறு இடங்களிலும் ஆசிய இனத்து மீன்பிடிகாரர்கள் தாக்கப்பட்டார்கள். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு அதை விசாரித்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. நிறத்தைப் பார்த்துக் கரையிலிருந்து போகச் சொல்பவரிடம் வாக்குவாதப்பட வேண்டாம், ஆனால் முறைப்பாடு செய்யாமல் இருந்துவிடவும் வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு பொலிஸை அழையுங்கள். உங்கள் அனுமதிப்பத்திரத்தையும் மீனையும் சோதிக்கும் அதிகாரம் இயற்கைப் பாதுகாப்பு அதிகாரிக்கும் பொலிஸுக்கும் உண்டு, கரையில் நிற்கும் இன்னொரு தூண்டில்காரருக்கு இல்லை. அதேபோல் கொக்கியால் கொளுவிப் பிடிப்பதையோ, பிடித்த மீனை விற்பதையோ நீங்கள் பார்த்தால், அது எங்கள் ஆளாகவே இருந்தாலும், மாகாணத்தின் 1-877-847-7667 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். இடம், நேரம், வண்டி எண் இருந்தால் போதும்.