யூரின் ரிப்போர்ட்டை எந்த வரியிலிருந்து படிக்கணும்?

போன மாசம் ஒரு தம்பி கவுன்ட்டர்ல வந்து நின்னார். ரெண்டு வயசுப் பெண் குழந்தை, மூணு நாளா காய்ச்சல். "அக்கா, பஸ் செல்ஸ் பத்து பன்னெண்டுன்னு போட்டிருக்கு. கிட்னி போயிருச்சா?" நான் ரிப்போர்ட்டைக் கையில வாங்காமலே, "எப்படிப் பிடிச்சீங்க?"ன்னு கேட்டேன். டயப்பரைப் பிழிஞ்சு எடுத்தாங்களாம்.

பத்தொன்பது வருஷமா ஒரு சின்ன லேப்ல மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். நான் டாக்டர் இல்ல, மருந்து சொல்லவும் மாட்டேன். ஆனா அந்தத் தாள்ல இருக்கிறதை எந்த வரிசையில படிக்கணும்னு சொல்லத் தெரியும்.

எல்லாரும் பஸ் செல்ஸ், அதாவது சீழ் அணுக்கள் வரியிலதான் விரலை வைக்கிறாங்க. பக்கத்துல எபிதீலியல் செல்ஸ்னு ஒரு வரி இருக்கும், முதல்ல அதைப் பாருங்க. அது தோல்ல இருந்து உதிர்ந்த செல். லென்ஸ்ல பார்த்தா ஓரம் மடங்கின அப்பளம் மாதிரி, நடுவுல ஒரு புள்ளியோட கிடக்கும். பஸ் செல் சின்னது. ஜவ்வரிசி மாதிரி உருண்டையா, உள்ளே மணல் மணலா இருக்கும். அப்பளம் நிறைய இருந்தா, ஒன்னுக்கு தோல் மேல வழிஞ்சு வந்து பாட்டில்ல விழுந்திருக்குன்னு அர்த்தம். அப்போ ஜவ்வரிசியும் வெளியில இருந்தே வந்திருக்கலாம், பெண் குழந்தைன்னா இன்னும் அதிகமா. எபிதீலியல் ரெண்டு மூணுதான், பஸ் செல்ஸ் மட்டும் பத்து இருபதுன்னு இருந்தா அது வேற கதை.

எச்.பி.எஃப்.னு பக்கத்துல போட்டிருக்கிறது, லென்ஸ்ல ஒரு வட்டத்துக்குள்ள எண்ணினதுன்னு அர்த்தம். பொதுவா அஞ்சு வரைக்கும் பயமில்ல. வேற ஏதாவது காரணத்துல காய்ச்சல் அடிச்சாலும் கொஞ்சம் கூடலாம், அதனால இந்த ஒரு எண்ணை வச்சு மட்டும் நீர்க்கடுப்புன்னு முடிவு கட்ட முடியாது.

அடுத்தது நைட்ரைட், சில கிருமிங்க ஒன்னுக்குல உண்டாக்குற ஒரு பொருள். பாசிட்டிவ்னு வந்தா அதை லேசா எடுத்துக்காதீங்க. நெகட்டிவ்னு வந்ததை மட்டும் வச்சு நிம்மதியாயிடாதீங்க. கிருமி அந்த நைட்ரைட்டை உண்டாக்க ஒன்னுக்கு சிறுநீர்ப்பையில சுமார் நாலு மணி நேரமாவது தங்கணும். டயப்பர் போடுற குழந்தை மணிக்கு ஒரு தடவை போயிடுது, கிருமி இருந்தாலும் நைட்ரைட் காட்டாமப் போகலாம். இந்த வரி பெரியவங்களுக்கு உதவுற அளவுக்குக் கைக்குழந்தைக்கு உதவாது.

ஆல்புமின்னா ஒரு புரதம். ட்ரேஸ்னு, அதாவது துளியூண்டு இருந்தா காய்ச்சல்லயே வரும், காய்ச்சல் விட்டதும் திரும்பப் பார்த்தா போதும். மூணு பிளஸ், நாலு பிளஸ்னு இருந்து, காலையில எழுந்ததும் கண் இமை உப்பியிருந்தா அன்னைக்கே குழந்தை டாக்டர்கிட்ட போங்க. கீட்டோன், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வர்றது, வாந்தி எடுத்துச் சாப்பிடாத குழந்தைக்கு வரும். அதோட சுகரும் சேர்ந்து வந்து, குழந்தை தண்ணி தண்ணின்னு குடிச்சு, படுக்கையில திரும்பவும் ஒன்னுக்குப் போக ஆரம்பிச்சிருந்தா ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். டீ டிகாக்‌ஷன் நிறத்துல ஒன்னுக்கு வந்தாலும் காத்திருக்காதீங்க. கிரிஸ்டல்ஸ் வரியைப் பார்த்துக் கல்லுன்னு பதற வேண்டாம். பாட்டில் ஆறினாலே சில உப்பு படியும்.

சுகர்னதும் ஒன்னு ஞாபகம் வருது. ஒரு பாட்டி பேரனோட ஒன்னுக்கைக் குளுக்கோஸ் டப்பாவில கொண்டு வந்தாங்க. சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் நீலப் பச்சையில இருந்து காப்பிப் பொடி நிறத்துக்குப் போயிடுச்சு. வீடே அழுதுச்சு. புது பாட்டில்ல பிடிச்சுப் பார்த்தோம், சுகர் இல்லவே இல்ல. கழுவின டப்பாதான்னு பாட்டி கடைசி வரைக்கும் சொன்னாங்க.

அதனால பிடிக்கிறதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். லேப்லயோ மருந்துக் கடையிலயோ கிடைக்கிற ஸ்டெரைல் பாட்டில்தான். மூடியைக் கடைசி நேரத்துல திறங்க, உள் பக்கம் விரல் படக் கூடாது. குழந்தையை வெறும் தண்ணியால முன்னாடியிருந்து பின்னாடி கழுவித் துடைங்க. சொன்னா கேட்கிற வயசுன்னா முதல் கொஞ்சத்தை விட்டுட்டு நடுவுல பிடிங்க. கைக்குழந்தைன்னா பால் குடுத்துக் கொஞ்ச நேரம் கழிச்சு, குளிர்ந்த தண்ணியில நனைச்ச துணியால தொப்புளுக்குக் கீழ மெதுவா வட்டமா தேய்ங்க. சில குழந்தைங்க கொஞ்ச நிமிஷத்துலயே போயிடும். அம்மா பிடிச்சுக்கட்டும், இன்னொருத்தர் பாட்டிலோட தயாரா நிக்கட்டும். ஒட்டுற பை இருக்கு. அதுல எடுத்தது சுத்தமா வந்தா நம்பலாம், கிருமி இருக்குன்னு வந்தா நம்ப முடியாது. ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்புக்கு வரணும். முடியலைன்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீஸர்ல வேண்டாம்.

கல்ச்சருக்குன்னா, அதாவது கிருமியைத் தட்டுல வளர்த்துப் பார்க்கிறதுக்குன்னா, ஆன்டிபயாட்டிக் முதல் வேளை குடுக்கிறதுக்கு முன்னாடியே பிடிச்சிடணும். போன தடவை மிச்சமிருந்த சிரப்பை ஒரு மூடி ஊத்திட்டு வந்து நின்னா தட்டுல ஒன்னும் வளராமப் போகலாம், நானும் நோ குரோத்னுதான் எழுதணும். ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். நடுவுல பிடிச்ச ஒன்னுக்குல ஒரே வகைக் கிருமி ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேலன்னா அதுக்கு மதிப்பு உண்டு. டியூப் போட்டு எடுத்ததுன்னா ஐம்பதாயிரமே போதும். மூணு வகை கலந்து வளர்ந்தா பெரும்பாலும் பிடிச்ச விதத்துலதான் கோளாறு. கீழே மருந்துப் பேருக்கு எதிர்ல சென்சிடிவ் (மருந்து கேட்கும்), ரெசிஸ்டன்ட் (கேட்காது)னு இருக்கிறது டாக்டருக்கு. அதைப் பார்த்துக் கடையில போய் மருந்து கேட்காதீங்க.

இன்னொன்னு. காய்ச்சல்ல ஒன்னுக்குப் போகும்போது குழந்தை அழுதா "சூடு பிடிச்சிருக்கு"ன்னு இளநீரோட நிறுத்திடறோம். இளநீர் குடுங்க, தப்பில்ல, டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க. மூணு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்குக் காய்ச்சல்னா லேப்புக்கே வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அந்தத் தம்பிகிட்ட, "மருந்து ஏதும் ஆரம்பிச்சாச்சா?"ன்னு கேட்டேன். இல்லைன்னார். புது பாட்டில் குடுத்து அனுப்பினேன். ரெண்டு மணி நேரத்துல, டிபன் பையில ஐஸ் கட்டி சுத்தி வச்சுக் கொண்டு வந்தார். எபிதீலியல் ஒன்னு ரெண்டுதான். பஸ் செல்ஸ் முப்பதுக்கு மேல, நைட்ரைட் பாசிட்டிவ். "இப்பவே டாக்டர்கிட்ட காட்டுங்க, கல்ச்சருக்கு நான் போட்டுடறேன்"னு சொன்னேன். மூணாம் நாள் தட்டுல ஈ.கோலைங்கிற கிருமி ஒரே மாதிரி, இளஞ்சிவப்புல நிறைஞ்சிருந்துச்சு. டாக்டர் அன்னைக்கே ஆரம்பிச்சிருந்த மருந்துக்கு எதிர்ல சென்சிடிவ்னு எழுதிக் குடுத்தேன்.