போக்கர் காச ரூபாயில எண்ணுறத விட்ட பிறகுதான் சரி வந்தது

2022ல இலங்கையில டொலர் 200 ரூபாயில இருந்து மளமளவெண்டு ஏறி 360க்குக் கிட்டப் போச்சுதே, அப்ப என்ர ஒன்லைன் போக்கர் (காசு வச்சு விளையாடுற சீட்டாட்டம்) கணக்கில 150 டொலர் கிடந்தது, முப்பதாயிரம் ரூபா ஐம்பத்தி நாலாயிரம் ஆனதப் பாத்து எனக்குக் காசு கூடிட்டுது எண்டு நினைச்சிட்டன். 5 டொலர் டேபிள விட்டுட்டு நேர 25 டொலர் டேபிளுக்குப் போனன். ஒரு டேபிளில இருக்கக் கட்டுற காசுதான் ஒரு பை-இன்; உண்மையில கையில இருந்தது வெறும் 6 பை-இன்!

வெள்ளவத்தை வீட்டில கரண்ட் வந்த ஒரு ராத்திரி, கையில ரெண்டு கிங், எல்லாத்தையும் உள்ள தள்ளினன், எதிர விளையாடினவன் அதவிடப் பெரிய ரெண்டு ஏஸ் காட்டினான். அதில பிழையே இல்ல, திருப்பி வந்தாலும் அப்பிடித்தான் விளையாடுவன். ஆனா கோவத்தில திருப்பித் திருப்பி உள்ள போய் விடியிறதுக்குள்ள 3 பை-இன், 75 டொலர் போட்டுது.

மிச்சம் 75ஓட 2 டொலர் டேபிளுக்கு இறங்கினன். இறங்கிறதுதான் கஷ்டம், வெக்கமா இருக்கும், ஆனா அங்க அது 37 பை-இன். ஒரு கொப்பியில ரூபாய எழுதாம பை-இன் எண்ணிக்கைய மட்டும் எழுதத் தொடங்கினன். 150 டொலர், அதாவது 30 பை-இன் வந்தா மட்டும் 5 டொலர் டேபிள், 100 டொலருக்குக் கீழ போனா திருப்பி இறக்கம், ஒரு நாளில 3 பை-இன் போனா லப்டொப்ப மூடுறது. டோர்னமென்ட் எண்டா 100 பை-இன்னாவது வேணும், அதில ஏற்ற இறக்கம் பயங்கரம். வீட்டு வாடகைக் காசு வேற பேங்க் எக்கவுண்ட்ல, அந்தக் கார்ட் அம்மாட்ட.