பதற்றம் மிகுந்த யூத நாயகனை வாசிக்கும் முறை

யாழ்ப்பாணத்து வாசகர் வட்டங்களில் அமெரிக்க யூத நாவல்களைத் தொடங்குவோர், பிலிப் ரோத் 1969இல் வெளியிட்ட ‘போர்ட்னோய்ஸ் கம்ப்ளெயின்ட்’ நாவலை முதலில் எடுக்கலாம். நாவல் முழுவதும் அலெக்சாண்டர் போர்ட்னோய் தன் உளப்பகுப்பாய்வு மருத்துவரிடம் பேசும் பேச்சாக இருப்பதால், சம்பவங்களின் ஒழுங்கைத் தேடாமல், எதைச் சொல்லத் தொடங்கி எங்கே அவன் திசைமாறுகிறான் என்பதைக் குறித்துக்கொண்டு வாசியுங்கள். சாப்பிட மறுக்கும் சிறுவன் போர்ட்னோய்க்கு அருகில் தாய் பாண் வெட்டும் கத்தியோடு அமர்ந்திருக்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். பிள்ளையின் சாப்பாடும் படிப்புமே கவலையான வீடுகளை அறிந்த நமக்கு அந்தப் பாசமும் அச்சமும் உடனே விளங்கும். ஆயினும் அவனை நம்மூர்ப் பிள்ளையாக்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் நியூவார்க் நகரத்து யூதக் குடியிருப்பில் வளர்ந்ததும், கிறித்தவப் பெரும்பான்மையின் வாழ்வை ஏக்கத்தோடு பார்த்ததும் அவனுடைய குற்றவுணர்வில் கலந்துள்ளன. பாலியல் விவரிப்புகள் மிக வெளிப்படையானவை என்பதால், உரக்க வாசிக்கும் பகுதிகளை முன்கூட்டியே தெரிந்தெடுங்கள். அடுத்து, சோல் பெல்லோவின் ‘ஹெர்சாக்’ (1964) நாவலில், நாயகன் எழுதியும் அனுப்பாத கடிதங்களை மட்டும் ஒருமுறை தனியே வாசியுங்கள்.